பெல்ட் இருக்கிறது, மாட்ட இடம் எங்கே? இரும்புக் கட்டுமானமும் உயிர்ப் பாதுகாப்பு விதிகளும்

2025 செப்டம்பர் 30 அன்று, சென்னைக்கு வடக்கே எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானப் பணியிடத்தில் இரும்பு வளைவுச் சட்டம் சரிந்து விழுந்ததில் 9 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அஸ்ஸாமிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் அவர்கள். பிரதமரும் முதலமைச்சரும் இரங்கல் தெரிவித்தார்கள். நிவாரணத் தொகை அறிவிக்கப்பட்டது. உடல்கள் சொந்த ஊர்களுக்கு அனுப்பப்பட்டன. அதற்கு மூன்று நாட்களுக்கு முன்புதான் கரூர் நெரிசல் நடந்திருந்தது. நாட்டின் கவனம் முழுவதும் அங்கே இருந்ததால், எண்ணூர்ச் செய்தி வந்த வேகத்திலேயே மறைந்தும் போனது.

அந்த விபத்து நடந்து 52 நாட்கள் கழித்து, நவம்பர் 21 அன்று, மத்திய அரசு 4 தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அவற்றில் ஒன்று, பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் பற்றிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்பு. 13 பழைய சட்டங்கள் இதற்குள் அடங்கிவிட்டன. கட்டுமானத் தொழிலாளர்களுக்கென்றே 1996இல் இயற்றப்பட்ட சட்டமும் அவற்றுள் ஒன்று. வேலை நேரம், ஆட்குறைப்பு, சங்க உரிமை என்று இந்தத் தொகுப்புகளைப் பற்றி நிறைய விவாதம் நடந்தது, இன்னும் நடக்கிறது. ஆனால் 40 அடி உயரத்தில் ஓர் இரும்புச் சட்டத்தின் மேல் நிற்கும் மனிதனுக்கு இதனால் என்ன மாறும் என்று கேட்டவர்கள் குறைவு. இந்தக் கட்டுரையின் கேள்வி அதுதான்.

இதை எழுதத் தூண்டியது எண்ணூர் மட்டுமல்ல. நம் பள்ளிவாசல் ஒன்றில் நான் கண்ட காட்சியும்தான்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் இமாமாகப் பணியாற்றிய மஹல்லாவில் பள்ளியின் முன்புறம் பெரிய தகரக் கூரை போடும் வேலை நடந்தது. இரும்புத் தூண்கள், அவற்றின் மேல் டிரஸ், டிரஸ்களுக்குக் குறுக்கே பர்லின் கம்பிகள், அதற்கு மேல் ஷீட். லுஹர் தொழுகைக்குப் பிறகு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். ஓர் இளைஞர் வெறுங்காலுடன் பர்லின் மேல் நடந்துகொண்டிருந்தார். இடுப்பில் சேஃப்டி பெல்ட் இருந்தது. அதன் கொக்கியோ வால்போல் பின்னால் ஆடிக்கொண்டிருந்தது. கீழே இறங்கி வந்தபோது, "தம்பி, பெல்ட் போட்டிருக்கீங்க, கொக்கியை மாட்டலையே?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. மேலே கை காட்டி, "எதுல மாட்டச் சொல்றீங்க பாய்?" என்றார்.

நான் மேலே பார்த்தேன். உண்மைதான். அவர் தலைக்கு மேல் வானம் மட்டுமே இருந்தது.

பெல்ட் கொடுத்துவிட்டோம், விதியை நிறைவேற்றிவிட்டோம் என்று காண்ட்ராக்டர் நினைத்தார். காண்ட்ராக்டர் பார்த்துக்கொள்வார் என்று கட்டடக் குழுவில் இருந்த நாங்கள் நினைத்தோம். அதை மாட்டுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்று யாருமே நினைக்கவில்லை. இரும்புக் கட்டுமானத்தின் பாதுகாப்பு விதிகள் பற்றி அதற்குப் பிறகுதான் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

இரும்பு வேலை ஏன் தனி வகை?

செங்கல், கான்கிரீட் கட்டடத்தில் தொழிலாளி பெரும்பாலும் ஏற்கெனவே முடிந்த ஒரு தளத்தின் மேலோ, சாரத்தின் மேலோ நின்று வேலை செய்கிறார். இரும்புக் கட்டுமானத்தில் அவர் நிற்கும் இடத்தையே அவர்தான் உருவாக்குகிறார். கிரேன் ஓர் உத்தரத்தைத் தூக்கி வருகிறது. மேலே இருப்பவர் அதைக் கையால் பிடித்து, தூணின் துளைக்கு நேராக நிறுத்தி, போல்ட்டைச் செருகி முடுக்குகிறார். அடுத்த நிமிடம் அதே உத்தரத்தின் மேல் நடந்து மறுமுனைக்குப் போகிறார். அந்த உத்தரத்தின் அகலம் ஒரு சாணுக்கும் குறைவாக இருக்கலாம். தலைக்கு மேல் எதுவும் இருக்காது.

அந்த நேரத்தில் கட்டமைப்பும் முழு வலுவோடு இருப்பதில்லை. எல்லாத் தூண்களும் உத்தரங்களும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்த பிறகுதான் அது உறுதியான கூடாகிறது. அதுவரை காற்றடித்தாலும், கிரேன் இடித்தாலும், ஓர் அஸ்திவார போல்ட் சரியில்லை என்றாலும் சரியக்கூடும். சரியும் சட்டத்தில் கொக்கியை மாட்டியிருந்தாலும் பயனில்லை. சட்டத்தோடு சேர்ந்து மனிதனும் விழுவான். ஆகவே இரும்பு வேலையில் இரண்டு ஆபத்துகளை ஒன்றாகப் பார்க்க வேண்டும். ஒன்று, ஆள் விழுவது. மற்றொன்று, ஆள் நிற்கும் சட்டமே விழுவது.

15 அடி உயரத்திலிருந்து விழுபவர் ஒரு நொடிக்குள் தரையை அடைகிறார். அப்போது அவருடைய வேகம் மணிக்குச் சுமார் 34 கிலோமீட்டர். 30 அடி என்றால் 1.4 நொடி, மணிக்கு 48 கிலோமீட்டர். அந்த நேரத்தில் யாராலும் எதையும் பிடித்துக்கொள்ள முடியாது. அனுபவசாலி, புதியவர் என்ற வேறுபாடும் அங்கே இல்லை.

அமெரிக்கா கற்ற பாடம்

இந்தத் துறைக்கென்றே விரிவான விதிகளை எழுதிய நாடு அமெரிக்கா. அங்கே இரும்பு வேலையாட்களை வீரர்களாகக் கொண்டாடும் வழக்கம் நீண்டகாலம் இருந்தது. நியூயார்க்கின் வானளாவிய கட்டடம் ஒன்றில், உத்தரத்தின் மேல் கால்களைத் தொங்கவிட்டு 11 தொழிலாளர்கள் மதிய உணவு சாப்பிடும் 1932ஆம் ஆண்டுப் புகைப்படத்தை நம்மில் பலரும் பார்த்திருப்போம். அந்தப் படத்தில் பெல்ட்டும் இல்லை, வலையும் இல்லை. ரசிக்கத்தக்க துணிச்சலாக அதை உலகம் பார்த்தது.

ஆனால் சில ஆண்டுகளிலேயே வேறொரு முன்மாதிரி உருவானது. சான்ஃபிரான்சிஸ்கோவில் 1933இல் தொடங்கிய கோல்டன் கேட் பாலப் பணியில், தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் பாலத்துக்கு அடியில் பெரிய வலை கட்ட ஏற்பாடு செய்தார். அந்த வலை 19 பேரைக் காப்பாற்றியது. 1937 பிப்ரவரி 17 அன்று சாரம் ஒன்று பெயர்ந்து வலையையும் கிழித்துக்கொண்டு விழுந்ததில் 10 பேர் இறந்தார்கள். வலை எல்லாவற்றையும் தடுத்துவிடாது என்பதற்கு அது சான்று. இருந்தாலும் அந்த 19 பேரின் உயிரைக் காத்த வலையை அந்தத் தொழிலாளர்கள் வாங்கி வரவில்லை. வேலை கொடுத்தவர்கள் கட்டினார்கள். இது முக்கியமான வேறுபாடு.

ஓஷா என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு நிர்வாகம் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவானது. கட்டுமானத்தில் 6 அடிக்கு மேல் வேலை செய்பவருக்கு விழாமல் காக்கும் ஏற்பாடு வேண்டும் என்று 1994இல் அது பொது விதி செய்தது. இரும்புக் கட்டுமானம் மட்டும் அதிலிருந்து தள்ளி வைக்கப்பட்டது. அதற்கென்று தொழிற்சங்கத்தார், நிறுவனத்தார், அரசு அதிகாரிகள் அடங்கிய குழு அமைக்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் பேசி, 2001 ஜனவரியில் தனி விதி வெளியானது. ஓராண்டு கழித்து 2002 ஜனவரியில் அமலுக்கு வந்தது.

அந்த விதியின்படி, இரும்பு வேலையில் 15 அடிக்கு மேல் இருக்கும் ஒவ்வொருவருக்கும் பாதுகாப்பு கட்டாயம். கைப்பிடித் தடுப்பு, வலை, விழும்போது தாங்கும் ஹார்னஸ், விளிம்புக்கே போகவிடாமல் இழுத்துப் பிடிக்கும் கயிறு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருக்க வேண்டும். ஆனால் உத்தரத்தைப் பிடித்துப் பொருத்தும் பணியாளருக்கு மட்டும் 30 அடி அல்லது இரண்டு மாடி, இவற்றில் எது குறைவோ அதுவரை விலக்கு உண்டு. தளத் தகடு விரிப்பவர்களுக்கும் சில நிபந்தனைகளுடன் அதே போன்ற விலக்கு இருக்கிறது.

ஏன் இந்த விலக்கு? ஆடிக்கொண்டு வரும் உத்தரம் தன்னை இடிக்க வந்தால் விலகி ஓட வேண்டும், கட்டிப்போட்டால் ஓட முடியாது என்பது அந்தப் பணியாளர்களின் வாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அதே அமெரிக்காவின் ராணுவப் பொறியாளர் படை, தன் கட்டுமானப் பணிகளில் இரும்பு வேலைக்கும் 6 அடியிலிருந்தே பாதுகாப்பு வேண்டும் என்கிறது. பல பெரிய நிறுவனங்களும் தாமாகவே அந்த அளவைப் பின்பற்றுகின்றன. ஆக, 15 அடி, 30 அடி என்ற எண்கள் இயற்கை விதித்த எல்லை அல்ல. பேச்சுவார்த்தையில் எட்டப்பட்ட சமரசம்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. விலக்குப் பெற்ற அந்தப் பணியாளருக்கும், 15 அடிக்கு மேல் போனதும், ஹார்னஸும் அதை மாட்டிக்கொள்ளத் தேவையான வசதியும் கொடுக்கப்பட்டே ஆக வேண்டும். அவர் அதை அணிந்திருக்கவும் வேண்டும். எந்த நொடியில் மாட்டுவது, எப்போது கழற்றுவது என்பது மட்டுமே அவருடைய விருப்பம். "எதில் மாட்டுவது?" என்ற கேள்வியை அவர் கேட்க வேண்டிய நிலை வரக்கூடாது என்று சட்டமே சொல்லிவிட்டது.

ஏறுவதற்கு முன்பே தொடங்கும் பாதுகாப்பு

அந்த விதித் தொகுப்பைப் படித்தபோது என்னை வியக்க வைத்தது பெல்ட்டைப் பற்றிய பகுதி அல்ல. பெல்ட்டுக்கு முன்னால் அது அடுக்கி வைத்திருக்கும் கடமைகள்தான்.

அஸ்திவாரக் கான்கிரீட் அதற்குரிய வலிமையில் 75 சதவீதத்தை எட்டிவிட்டது என்று, பணியிடத்தின் முதன்மை ஒப்பந்தக்காரர் எழுத்து மூலம் அறிவிக்காமல் தூணை நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு தூணுக்கும் குறைந்தது 4 அஸ்திவார போல்ட்டுகள் இருக்க வேண்டும். தூணின் பக்கவாட்டில் ஒரு மனிதர் ஏறித் தொங்கினாலும் அது சாயாத அளவுக்கு அடிப்பகுதி வடிவமைக்கப்பட வேண்டும். அந்த போல்ட் வளைந்தோ உடைந்தோ போனால், மேஸ்திரி தன் இஷ்டத்துக்கு வெட்டி வெல்டிங் வைக்க முடியாது. கட்டமைப்புப் பொறியாளரின் ஒப்புதல் வேண்டும். உத்தரத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் குறைந்தது 2 போல்ட்டுகள் ஸ்பானரால் முடுக்கப்படும்வரை கிரேன் கயிற்றை விடுவிக்கக் கூடாது. மாடிக் கட்டடத்தின் ஓரத் தூண்கள் ஒவ்வொரு தளத்துக்கும் மேலே 4 அடி நீட்டிக்கொண்டு, கம்பிவடம் கோக்கத் துளைகளோடு வர வேண்டும். தளத் தகடு விரித்ததும் அந்தக் கம்பிவடம் சுற்றிலும் கட்டப்பட்டுவிடும்.

இந்தக் கடைசி விஷயத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஓரத்தில் நிற்கப்போகும் தொழிலாளிக்கான தடுப்பு, வரைபடம் போடும் மேசையில் தொடங்குகிறது. தூணை வெட்டும் பட்டறையில் துளை இடப்படுகிறது. அவர் மேலே வரும்போது கேட்க வேண்டியதில்லை, கெஞ்ச வேண்டியதில்லை. பாதுகாப்பு அவருக்காகக் காத்திருக்கிறது.

பெல்ட்டைப் பற்றியும் தெளிவான அளவுகள் உண்டு. கொக்கி மாட்டும் பிடிமானம் ஓர் ஆளுக்கு 5,000 பவுண்டு, அதாவது சுமார் 2,270 கிலோ எடையைத் தாங்க வேண்டும், அல்லது தகுதியுள்ளவர் இரு மடங்குப் பாதுகாப்போடு வடிவமைத்ததாக இருக்க வேண்டும். 6 அடிக்கு மேல் விழ விடக் கூடாது. இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட்டை விழுவதைத் தாங்கப் பயன்படுத்துவது 1998 ஜனவரி 1 முதல் அங்கே தடை செய்யப்பட்டுவிட்டது. விழும் வேகம் முழுவதும் இடுப்பில் இறங்கினால் உள்ளுறுப்புகளும் முதுகெலும்பும் சிதையும். தோள், மார்பு, தொடை எல்லாவற்றிலும் சுமையைப் பகிரும் முழு ஹார்னஸ்தான் காக்கும். நம் ஊர்ப் பணியிடங்களில் இன்றும் கண்ணில் படுவது பெரும்பாலும் அந்த இடுப்புப் பெல்ட்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. 6 அடிக் கயிறு, அதிர்ச்சியை உறிஞ்சும் பகுதி விரியும் மூன்றரை அடி, தொங்கும் ஆளின் உயரம், கொஞ்சம் கூடுதல் இடைவெளி என்று கூட்டினால், கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே சுமார் 18 அடி வெற்றிடம் வேண்டும். 15 அடி உயரக் கூரையில் காலடியில் இருக்கும் கம்பியில் கொக்கியை மாட்டினால், கயிறு முழுமையாகத் தாங்கி நிறுத்துவதற்கு முன் ஆள் தரையில் மோதிவிடக்கூடும். எனவே பெல்ட் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. எங்கே, எந்த உயரத்தில் மாட்டியிருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். தாழ்ந்த கூரைகளுக்குத் தானாகச் சுருட்டிக்கொள்ளும் கயிறோ, அடியில் வலையோதான் பொருத்தம்.

விழுந்து ஹார்னஸில் தொங்குபவரை உடனே இறக்க வேண்டும் என்பதும் அந்த விதியில் இருக்கிறது. அசையாமல் தொங்கினால் கால்களில் இரத்தம் தேங்கி, நிமிடக் கணக்கில் உயிருக்கே ஆபத்தாகலாம்.

இவ்வளவு எழுதியும் அமெரிக்காவில் மரணம் நின்றுவிடவில்லை. கட்டுமானத் துறையில் ஆண்டுதோறும் சுமார் ஆயிரம் பேர் அங்கே இறக்கிறார்கள். அவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் தவறி விழுந்து இறப்பவர்கள். ஓஷா அதிகாரிகள் மிக அதிகமாகக் குற்றம் பதிவு செய்யும் விதியும், ஆண்டுக்கு ஆண்டு, உயரத்திலிருந்து விழாமல் காக்கும் அந்தப் பொது விதிதான். ஆனால் அங்கே மீறல் நடந்தால், யார் எந்தக் கடமையைச் செய்யவில்லை என்று விரல் நீட்டிச் சொல்ல முடிகிறது.

நம் நாட்டில் என்ன இருக்கிறது?

நம்மிடம் விதியே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. இரும்புக் கட்டமைப்புகளை நிறுவுவதற்கான பாதுகாப்பு நெறிகளை இந்தியத் தர நிர்ணய அமைப்பு 1974லேயே ஐஎஸ் 7205 என்ற எண்ணில் வெளியிட்டது. பெல்ட்டுக்கும் ஹார்னஸுக்கும் ஐஎஸ் 3521 இருக்கிறது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி 1998இல் மத்திய விதிகள் வந்தன. உயரத்தில் வேலை, சாரம், வலை, பெல்ட் எல்லாவற்றைப் பற்றியும் அவை பேசின.

ஆனால் தண்டனை? அந்தச் சட்டத்தின்படி பாதுகாப்பு விதியை மீறினால் அதிகபட்சம் 3 மாதச் சிறை அல்லது 2,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். கோடிக்கணக்கில் நடக்கும் ஒப்பந்தப் பணியில் 2,000 ரூபாய் யாரை அச்சுறுத்தும்?

புதிய தொகுப்பில் இது மாறியிருக்கிறது. பாதுகாப்புக் கடமையை மீறியதால் உயிரிழப்பு நேர்ந்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அந்த அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையை இறந்தவரின் வாரிசுகளுக்குக் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். 250 கட்டுமானத் தொழிலாளர்கள் இருந்தாலே பாதுகாப்பு அலுவலர் நியமிக்க வேண்டும். முன்பு இந்த எண்ணிக்கை 500. இவை முன்னேற்றங்கள்தான், மறுப்பதற்கில்லை.

குறைகளும் உண்டு. உயிருக்கு ஆபத்து என்று அஞ்சும் தொழிலாளி அதை முதலாளியிடமும் ஆய்வாளரிடமும் தெரிவிக்கலாம் என்கிறது தொகுப்பு. ஆபத்து நீங்கும்வரை ஏறமாட்டேன் என்று கீழே நிற்கும் உரிமையை அது வெளிப்படையாகச் சொல்லவில்லை. மொழி தெரியாத ஊரில், ஆள் பிடித்து வந்த ஏஜெண்டிடம் முன்பணம் வாங்கிவிட்டு, அவர் கொடுத்த தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் ஓர் அஸ்ஸாம் தொழிலாளி யாரிடம் போய்த் தெரிவிப்பார்? ஆய்வாளரின் எண் அவருக்குத் தெரியுமா?

எல்லாவற்றையும் விட நம்மைத் தொடும் குறை ஒன்று உண்டு. 1996ஆம் ஆண்டுச் சட்டம் 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் பணியிடத்தைத் தொடவில்லை. புதிய தொகுப்பும் கட்டுமானத்தில் அதே 10 என்ற எல்லையை வைத்திருக்கிறது. அப்படியென்றால் ஒரு காண்ட்ராக்டர், ஒரு வெல்டர், நான்கு உதவியாட்கள் சேர்ந்து போடும் கூரைகளெல்லாம் அந்தப் பாதுகாப்பு விதிகளுக்கு வெளியே நிற்கின்றன. கடை, குடோன், கல்யாண மண்டபம், மதரஸா, பள்ளிவாசல் எல்லாம் இதில் அடங்கும்.

அங்கே ஆள் இறந்தால் வேறு சட்டம் வரும். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். ஆனால் அது உயிர் போன பிறகு வரும் சட்டம். ஏறுவதற்கு முன் வர வேண்டிய சட்டம் அங்கே இல்லை.

நம் கட்டடக் குழுக்களுக்கு

ஆகவே இந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர்கள் வேலை கொடுப்பவர்கள். நம் சமுதாயத்தில் அது ஜமாஅத் நிர்வாகமும் கட்டடக் குழுவும். பள்ளியின் வேலைக்குப் பல மதிப்பீட்டுப் பட்டியல்களை நான் பார்த்திருக்கிறேன். பெயிண்ட்டுக்கு ஒரு வரி, அலங்கார விளக்குக்கு ஒரு வரி, மினாராவின் பிறைக்கு ஒரு வரி இருக்கும். மேலே ஏறுபவரின் பாதுகாப்புக்கென்று ஒரு வரியைக் கண்டதில்லை. எங்கள் குழுவும் அதைக் கேட்கவில்லை. இதில் நானும் குற்றவாளிதான்.

இதைப் பேசும்போது மூன்று பதில்கள் வருகின்றன.

முதல் பதில், செலவு. ஒரு கூரைக்கு வாங்கும் இரும்பின் விலையோடும் ஷீட்டின் விலையோடும் ஒப்பிட்டால் கம்பிவடமும் ஹார்னஸும் வலையும் சிறிய தொகைதான். ஒருமுறை வாங்கினால் அடுத்தடுத்த வேலைக்கும் பயன்படும். அந்தத் தொகையை மிச்சம் பிடித்துக் கட்டிய கூரையின் கீழ் நிம்மதியாகத் தொழ முடியுமா என்பதை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது பதில், "கொடுத்தாலும் அவங்க போடமாட்டாங்க". இதில் ஓரளவு உண்மை உண்டு. வெயிலில் ஹார்னஸ் எரிச்சலூட்டும், வேலையைத் தாமதமாக்கும். பீஸ் ரேட்டில் கூலி வாங்குபவர் தாமதத்தை விரும்பமாட்டார். ஆனால் கூலியை அப்படி வைத்தவர் யார்? "ரமலானுக்குள் முடிக்கணும்", "ஜும்ஆவுக்கு முன்னால் ஷீட் ஏத்திடுங்க" என்று அவசரப்படுத்துபவர் யார்? மாட்டுவதற்கு இடமே இல்லாதவரை, மாட்டவில்லை என்று குறை சொல்ல நமக்கு வாயில்லை.

மூன்றாவது பதில்தான் எனக்கு அதிக வேதனை தருவது. "அஜல் முடிஞ்சிடுச்சு, நாம என்ன செய்ய முடியும்?" என்பது. கத்ரை நம்புவது நம் ஈமானின் பகுதி. அதை ஜனாஸாவில் ஆறுதலாகச் சொல்லலாம். நம் அலட்சியத்துக்குத் திரையாகப் போட முடியாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழியை மதரஸாவின் சிறு பிள்ளையும் அறியும். தடுப்பு இல்லாத மாடியில் இரவில் உறங்குபவரை எச்சரிக்கும் நபிமொழியும் அபூதாவூதில் பதிவாகியுள்ளது. தானாக உறங்கப் போனவருக்கே அந்த எச்சரிக்கை என்றால், கூலி கொடுத்து ஒருவரைத் தடுப்பில்லாத உயரத்தில் ஏற்றுபவரின் பொறுப்பு எவ்வளவு? அவர் எந்த மதத்தவர், எந்த மாநிலத்தவர் என்பது இங்கே கேள்வியே அல்ல. அவர் உயிர் அந்த வேலை முடியும்வரை நம் கையில் இருக்கும் அமானிதம்.

எனவே, இனி இரும்புக் கூரையோ மாடியோ போடும் எந்த நிர்வாகமும் ஒப்பந்தத்தில் இவற்றையாவது எழுதிக் கையெழுத்து வாங்கலாம்:

1. டிரஸ் இணைப்பு, வெல்டிங், பெயிண்ட் என்று தரையில் செய்யக்கூடிய எல்லாம் தரையிலேயே முடிக்கப்பட வேண்டும். மேலே இருக்கும் நேரம் குறைந்தால் ஆபத்தும் குறையும்.

2. அஸ்திவாரக் கான்கிரீட் தயார் என்று பொறியாளர் எழுதிக் கொடுத்த பிறகே தூண் நிறுத்தப்பட வேண்டும். தூணும் டிரஸ்ஸும் முழுமையாகப் பிணைக்கப்படும்வரை தற்காலிக முட்டும் இழுவைக் கம்பியும் இருக்க வேண்டும்.

3. ஆள் ஏறுவதற்கு முன் கொக்கி மாட்டும் கம்பிவடம் கட்டப்பட வேண்டும். இழுத்துக் கட்டிய கயிறெல்லாம் உயிர் காக்காது. அதை விவரம் தெரிந்த பொறியாளர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். முழு ஹார்னஸில் இரண்டு கொக்கிகள் இருந்தால், ஒன்றைக் கழற்றும்போது மற்றொன்று மாட்டியிருக்கும்.

4. ஷீட் போடும்போது அடியில் வலை கட்ட வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், வெளிச்சம் வர வைக்கும் பிளாஸ்டிக் ஷீட் ஆகியவற்றின் மேல் நேரடியாகக் கால் வைக்கக் கூடாது. பலகை போட்டே நடக்க வேண்டும். பழைய கூரையைப் பழுது பார்க்க ஏறுபவர்கள் பலர் இதனால்தான் உள்ளே விழுகிறார்கள்.

5. மழை, பலத்த காற்று, இருட்டு ஆகிய நேரங்களில் மேலே வேலை இல்லை. பொருள் தூக்கும்போது கீழே தொழுகையாளிகளும் மதரஸா பிள்ளைகளும் நடமாட வழி இருக்கக் கூடாது.

6. பாதுகாப்புச் செலவு தனி வரியாக மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும், அதை நிர்வாகமே ஏற்க வேண்டும். வேலையாட்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். இல்லையென்றால் பதிவு செய்ய உதவ வேண்டும்.

நம் மஹல்லாக்களிலேயே சிவில் இன்ஜினியர்கள் இருக்கிறார்கள். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பாதுகாப்பு அலுவலர்களாகப் பணியாற்றித் திரும்பிய சகோதரர்கள் இருக்கிறார்கள். அங்கே கொக்கி மாட்டாமல் ஒருவரையும் ஏறவிடாதவர்கள் அவர்கள். கட்டடக் குழுவில் அவர்களில் ஒருவருக்கு இடம் கொடுத்து, அவர் கீழே இறங்கச் சொன்னால் வேலை நிற்கும் என்று தீர்மானம் போடலாம். இதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.

அரசிடம் கேட்க வேண்டியதும் உண்டு. புதிய தொகுப்பின் கீழ் விதிகள் எழுதும் பொறுப்பு மாநில அரசுக்கும் இருக்கிறது. இரும்புக் கட்டுமானத்துக்கென்று தனி அத்தியாயம் வேண்டும். வரைபடம் போடுபவர், முதன்மை ஒப்பந்தக்காரர், துணை ஒப்பந்தக்காரர் ஆகியோரில் யார் எதற்குப் பொறுப்பு என்று பிரித்து எழுத வேண்டும். உயரமான வேலையில் 10 பேர் என்ற எல்லை தளர்த்தப்பட வேண்டும். 6 பேர் வேலை செய்யும் இடத்திலும் உயரம் அதே உயரம்தான். எண்ணூர் விபத்தின் விசாரணை முடிவு, எல்லாத் தொழிலாளர்களும் படிக்கும் வகையில் தமிழிலும் அவர்களுடைய மொழிகளிலும் வெளியிடப்பட வேண்டும். தொழிலாளர் அமைப்புகளும் சமுதாய இயக்கங்களும் இதை இணைந்து கேட்கலாம்.

அன்று அந்த இளைஞர் என் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. தேநீர் குடித்துவிட்டு மறுபடி ஏறினார். அல்லாஹ்வின் கிருபையால் அந்தக் கூரை யாருக்கும் காயமில்லாமல் முடிந்தது. மழைக்காலத்தில் அதன் கீழ் ஸஃப் நிற்கும்போதெல்லாம் அவர் கேட்டது நினைவுக்கு வரும். அடுத்த வேலையில் அவரைப் போன்ற ஒருவர் மேலே ஏறுவதற்கு முன் அந்தக் கேள்விக்கு நாம் பதில் வைத்திருக்க வேண்டும். அதற்கு வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக.